வாயிற்காவலனை மறந்த கதைகள்

சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கியபோது வாசகர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். கணினித் துறையில் நல்ல உத்தியோகத்தில் இருப்பவர். என் நாவல்கள் நான்கைந்தைப் படித்திருப்பதாகச் சொன்னார். அதனால் அவர்மேல் எனக்கு உடனே மரியாதை உண்டாகிவிட்டது.

"நீங்க எல்லாரும் இன்னும் அக்ரகாரத்தையும் ஒண்டுக்குடித்தனத்தையுமே எழுதிக்கிட்டிருக்கீங்க சார். நாங்க இருக்கிற இடத்தை ஏன் யாருமே எழுத மாட்டேங்கறீங்க?" என்றார்.

"நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

"ஓ.எம்.ஆர். பக்கம். ஒரு கேட்டட் கம்யூனிட்டியில."

"அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள், எழுதிவிடலாம்."

அவர் சற்று யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார். "ஒண்ணும் நடக்கலை சார். அதுக்காகத்தானே அங்கே குடி போனோம்!"

அவர் வேடிக்கையாகச் சொன்ன இந்தப் பதில் என்னை ஒரு மாத காலமாக விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. ஒன்றும் நடக்காத இடம் என்று ஒன்று உண்டா? உண்டென்றால் அங்கே நாவலாசிரியனுக்கு என்ன வேலை? இல்லையென்றால், நடப்பது ஏன் அங்கே குடியிருப்பவர் கண்ணிலேயே படுவதில்லை?

ஒண்டுக்குடித்தனத்தை நாங்கள் விடாமல் எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே கதையைத் தேடிப் போகவேண்டியதில்லை. அதுவே சுவரைத் தாண்டிக் காதில் வந்து விழும். ஒரு குழாய், ஒரு கிணறு, ஒரு கக்கூஸ், ஆறு குடும்பம் என்றால் கதைக்கு என்ன பஞ்சம்? அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் சென்னையின் ஒரு தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறது. அந்த அலைச்சலிலேயே அத்தனை பெண்களின் வாழ்வும் நமக்குத் தெரிந்துபோகிறது. மதில் சூழ்ந்த குடியிருப்பில் தண்ணீருக்கு யாரும் அலைவதில்லை. லாரியில் வருகிறது. வாயிலில் ஒவ்வொரு மனிதனையும் நிறுத்தி, யார், எந்த வீடு, என்ன காரியம் என்று கேட்கும் காவலாளி, தண்ணீர் லாரி வந்தால் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுகிறான்.

அங்கே குடியிருப்பவர்களைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அப்படிப்பட்ட ஒரு குடியிருப்பில், பதினோராவது மாடியில், மூன்று வருஷம் நானே வாடகைக்கு இருந்திருக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன். குழந்தைகள் வண்டி மோதுமோ என்ற பயமில்லாமல் ஓடி விளையாடினார்கள். வயதானவர்கள் குண்டுங்குழியுமில்லாத பாதையில் காலையில் நடந்தார்கள். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் ஓடிற்று. நவராத்திரிக் கொலுவுக்கும் ஓணத்துக்கும் துர்க்கா பூஜைக்கும் ஒரே மண்டபத்தில் மாறி மாறிக் கூட்டம் சேர்ந்தது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு இந்த நகரம் வெளியே தராத சில வசதிகளை அந்த இடம் தந்தது. பணம் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். அதில் பாவம் ஒன்றும் இல்லை.

ஆனால் நான் பேச வந்தது இலக்கியத்தைப் பற்றி. இந்த வாழ்க்கையைப் பிற நாட்டு நாவலாசிரியர்கள் எப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்று, எனக்குப் படிக்கக் கிடைத்தவற்றில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, அமெரிக்கரான டி. சி. பாயில் 1995-ல் எழுதிய 'தி டார்ட்டியா கர்ட்டன்'. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை ஒட்டிய டொபாங்கா மலைப் பள்ளத்தாக்கில் அர்ரோயோ பிளாங்கோ என்னும் குடியிருப்பு. அதில் வசிக்கும் டெலனி இயற்கையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவன்; முற்போக்கான அபிப்பிராயங்கள் உள்ளவன். அவன் மனைவி கைரா வீடு விற்கும் தரகுத் தொழிலில் கெட்டிக்காரி. கீழே பள்ளத்தாக்கின் புதருக்குள் காண்டிடோவும் அவன் இளம் மனைவி அமெரிக்காவும் ஒளிந்து வாழ்கிறார்கள். மெக்ஸிகோவிலிருந்து எல்லை தாண்டி வந்து, அன்றாடக் கூலிக்கு நிற்பவர்கள்.

கதை ஒரு மோதலில் தொடங்குகிறது. டெலனியின் கார் காண்டிடோவின்மேல் மோதிவிடுகிறது. ரத்தம் வழிய நிற்பவன் கையில் இருபது டாலரைக் கொடுத்துவிட்டு டெலனி வீடு திரும்புகிறான். கொடுத்தது போதுமா என்ற கேள்வி அவனை அரிக்கிறது. பாயிலின் திறமை, அந்தக் கேள்வி எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வேறொரு கேள்வியாக மாறுகிறது என்று காட்டுவதில் இருக்கிறது. குடியிருப்போர் சங்கம் முதலில் வாயிலுக்குக் கதவு வேண்டும் என்கிறது. டெலனி எதிர்க்கிறான். பிறகு சுற்றிலும் மதில் வேண்டும் என்கிறது. அவன் எதிர்ப்பு தேய்ந்துபோகிறது. வளர்ப்பு நாயைக் காட்டிலிருந்து வந்த கொயோட்டி ஒன்று கவ்விக்கொண்டு போகிறது; வேலியை உயர்த்துகிறார்கள்; இரண்டாவது நாயும் போகிறது. மதில் எழும்பிய பிறகு அதில் யாரோ கிறுக்கிவிட்டுப் போகிறார்கள். பிடிப்பதற்கு டெலனி ரகசியமாகக் காமிரா வைக்கிறான். படத்தில் விழுந்தது மதிலுக்கு உள்ளே இருக்கும் நண்பனின் மகன்! ஆனாலும் டெலனியின் கோபம் திசை மாறவில்லை. கையில் துப்பாக்கியோடு அவன் தேடிப் போவது காண்டிடோவைத்தான்.

இந்த இடம் மிகவும் உயர்ந்த இடம் என்பது என் அபிப்பிராயம். பயத்துக்குச் சாட்சியம் தேவையில்லை. சாட்சியம் கண்முன் கிடைத்தாலும் அதற்கு வேண்டாம். இந்த உண்மையைப் பாயில் பிரசங்கம் செய்யாமல் சொல்லிவிடுகிறார்.

குறையும் உண்டு. காண்டிடோவின் தலையில் ஆசிரியர் அளவுக்கு மீறிக் கஷ்டங்களைக் கொட்டுகிறார். விபத்து, திருட்டு, தீ, வெள்ளம், குழந்தையின் சாவு என்று ஒன்றன்மேல் ஒன்று. வால்டேரின் அப்பாவி நாயகன் காண்டிடை நினைவூட்டும் பெயரை வைத்ததாலேயே அவனைப் படாத பாடு படுத்தத் தமக்கு உரிமை உண்டு என்று எண்ணிவிட்டாரோ என்னவோ! டெலனி மனிதனாக வளர்கிறான். காண்டிடோ அனுபவிப்பவனாக மட்டும் நின்றுவிடுகிறான். மேலே இருப்பவனுக்கு மனசு, கீழே இருப்பவனுக்குத் துன்பம் என்று பங்கு பிரித்துவிட்டால் அதுவும் ஒரு மதில்தான்.

இரண்டாவது நாவல், அர்ஜென்டினாவின் கிளாடியா பின்யேரோ எழுதியது. 'வியாழக்கிழமை விதவைகள்' என்று தமிழில் சொல்லலாம். 2005-ல் அந்நாட்டின் கிளாரின் நாவல் பரிசைப் பெற்றது. 2009-ல் திரைப்படமாகவும் வந்தது. போனஸ் அயர்ஸ் நகருக்கு வெளியே, மதில் சூழ்ந்த பணக்காரக் குடியிருப்பு ஒன்று. வியாழக்கிழமை இரவுகளில் ஆண்கள் சிலர் ஒரு வீட்டில் கூடிச் சாப்பிட்டுச் சீட்டாடுவார்கள். அன்று தனித்து விடப்படும் மனைவிமார் தங்களுக்கே வேடிக்கையாக வைத்துக்கொண்ட பெயர்தான் தலைப்பு. 2001-ஆம் வருஷம் ஒரு வியாழக்கிழமை, அந்த ஆண்களில் மூவர் நீச்சல் குளத்தில் பிணமாகக் கிடக்கிறார்கள். வேடிக்கைப் பெயர் பலித்துவிட்டது.

துப்பறியும் கதைபோல் தொடங்கினாலும், யார் கொன்றது என்பது இந்த நாவலின் விஷயம் அல்ல. பின்யேரோ முன்பு கணக்கராகத் தொழில் செய்தவர். வீட்டுக் கணக்கு அவருக்குத் தெரியும். வேலை போன ஒருவன் போகவில்லை என்று காட்டிக்கொள்ள மாதத்துக்கு என்ன செலவாகும் என்பதை அவர் எழுதும்போது, படிக்கிற நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. 1991-லிருந்து அந்த நாட்டில் ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்று சட்டத்தினால் கட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கட்டின் நிழலில் எழும்பியது அந்த வாழ்க்கை. 2001 டிசம்பரில் வங்கியிலிருந்து பணம் எடுப்பதற்கே கட்டுப்பாடு வந்தது. தெருவில் கலகம் மூண்டது. ஜனாதிபதி பதவி விலகினார். திருடன் ஏறி வருவான் என்று கட்டின மதிலை வேறெதுவோ ஏறாமலே கடந்து உள்ளே வந்துவிட்டது.  ஆயுள் காப்புத் தொகை குடும்பத்துக்குக் கிடைக்கட்டும், மதிலுக்குள் வாழ்க்கை மாறாமல் நடக்கட்டும் என்று திட்டமிட்டு விபத்துப்போல் நடத்தப்பட்ட சாவு அது. வாழ்க்கைத் தரத்தைக் காப்பாற்றுவதற்காக வாழ்க்கையையே விட்டுவிடுவது! இதைவிடக் கடுமையான விமர்சனத்தை நான் எந்தப் பொருளாதார நூலிலும் படித்ததில்லை.

சின்ன விஷயம் ஒன்றும் சொல்லவேண்டும். ஓர் அம்மாள் ஏழைப் பெண் குழந்தை ஒன்றைத் தத்தெடுக்கிறாள். ரமோனா என்ற அதன் பெயர் அவளுக்கு நாகரிகமாகப் படவில்லை. ரோமினா என்று மாற்றிவிடுகிறாள். பெயர்கூட அந்த வாயிலைத் தாண்டி அப்படியே உள்ளே வரமுடியவில்லை. இந்தப் பெயர் விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எனக்கு இது தேவைப்படும்.

ஆனால் பின்யேரோ முழுக்க முழுக்க உள்ளே நின்று பார்ப்பவர். வீடு விற்கும் ஒருத்தியின் குரலிலும், அங்கே குடியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து 'நாங்கள்' என்று பேசும் குரலிலும் கதை நடக்கிறது. அந்த 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் பணிப்பெண்களும் காவலாளிகளும் சேர்த்தி இல்லை. அவர்கள் வருகிறார்கள், போகிறார்கள். கதையின் பாரத்தைச் சுமப்பதில்லை. அது ஆசிரியர் வேண்டுமென்றே செய்ததாக இருக்கலாம். ஆனால் வாழ்க்கை கதையைவிடப் பொல்லாதது. அதே போனஸ் அயர்ஸின் வடபுறத்தில், சதுப்பு நிலத்தில் எழும்பிய நோர்டெல்டா என்னும் பெரிய குடியிருப்பில், உள்ளே போய்வரும் பேருந்தில் தங்களை ஏற்றிக்கொள்வதில்லை என்று வீட்டுவேலைப் பெண்கள் 2018-ல் சாலையை மறித்துப் போராடினார்கள். 2021-ல் அங்கே கேப்பிபாரா என்னும் பெரிய எலியினப் பிராணிகள் கூட்டங்கூட்டமாகத் தோட்டங்களுக்குள் வந்து புல்லை மேய்ந்தன. ஆக்கிரமிப்பு என்றார்கள் குடியிருப்போர். யார் நிலத்தை யார் ஆக்கிரமித்தது என்று அந்தப் பிராணிகளிடம் யாரும் கேட்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் நின்று பார்த்த சென்னைவாசிக்கு இந்தக் கதை புதிதல்ல.

மூன்றாவது, நம் நாட்டு நாவல். சென்னையில் பிறந்த அரவிந்த் அடிகா ஆங்கிலத்தில் எழுதிய 'லாஸ்ட் மேன் இன் டவர்', 2011-ல் வெளிவந்தது. இதில் வரும் மும்பை விஷ்ராம் சொஸைட்டி ஆடம்பரக் குடியிருப்பு அல்ல. மழையில் ஒழுகும் பழைய மத்தியதரக் கட்டிடம். அதை இடித்துவிட்டு உயர்ந்த மாளிகை கட்ட ஒருவர் பெரும் பணம் தருவதாகச் சொல்கிறார். எல்லோரும் சம்மதிக்கிறார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் மாஸ்டர்ஜியைத் தவிர. நல்லவர்களான அண்டை வீட்டார், பல வருஷம் அவரோடு பழகியவர்கள், கடைசியில் அவரைக் கொன்றுவிடுகிறார்கள்.

மற்ற இரண்டு நாவல்களும் மதில் எழுந்தபின் நடப்பதைச் சொன்னால், அடிகா மதில் எழுவதற்கு முன் அந்த நிலத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறார். ஆகையால் நம்மைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான நாவல். கட்டிடத்தைப் பெருக்கும் மேரி இதில் வருகிறாள். அவள் குடிசை சாக்கடை ஓரத்தில் இருக்கிறது. எந்த நாளும் இடிக்கப்படலாம். மாஸ்டர்ஜி 'போகமாட்டேன்' என்று சொன்னது ஒரு பெரிய நாவலாயிற்று. மேரி அப்படிச் சொல்ல முடியுமா, சொன்னால் யார் கேட்பார்கள் என்று அடிகா கேட்காமல் விட்டுவிட்டார். ஆனால் நம்மைக் கேட்க வைத்துவிட்டார்.

மூன்று நாவல்களையும் படித்து முடித்தபோது எனக்குச் சிலப்பதிகாரம் நினைவு வந்தது. கண்ணகி பாண்டியன் அவைக்குப் போகிறாள். நேரே போய்விடவில்லை. வாயிலில் காவலன் நிற்கிறான். முதலில் அவனிடம் பேசுகிறாள். அவன் அவள் கோலத்தைக் கண்டு நடுங்கி உள்ளே ஓடி, கண்டபடியே அரசனிடம் சொல்கிறான். வரச்சொல் என்கிறான் அரசன். அதன்பிறகுதான் சிலம்பு உடைகிறது. புறநானூற்றிலும் அப்படியே. அதியமான் பரிசில் தரத் தாமதித்தபோது ஔவையார் தம் கோபத்தை முதலில் சொல்வது வாயிற்காவலனிடம்தான். வாயில் உள்ள இடத்தில் காவலன் உண்டு என்பதும், கதை அவன் எதிரில்தான் தொடங்குகிறது என்பதும் நம் பழம்புலவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் மறந்துபோயிற்று.

கண்ணகியின் பெயரால் சென்னையில் ஒரு நகர் இருக்கிறது. ஓ.எம்.ஆரில், துரைப்பாக்கத்தில். நகரத்தின் நடுவே ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை அப்புறப்படுத்தி, 2000-ஆம் ஆண்டையொட்டி அங்கே குடியேற்றத் தொடங்கினார்கள். பிறகு செம்மஞ்சேரி வந்தது. அதற்குப் பிறகு பெரும்பாக்கம். அதே சாலையில், அதே காலத்தில்தான் மதில் சூழ்ந்த குடியிருப்புகளும் எழும்பின. ஒரு சாரார் தாங்களே விரும்பி வந்தார்கள். மற்றவர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டுவரப்பட்டார்கள். காலை ஆறு மணிக்கு இந்த இரண்டு வகை மனிதர்களும் சந்திக்கும் இடம் ஒன்றே ஒன்று: குடியிருப்பின் வாயில்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

பதினோராவது மாடியில் இருந்தபோது நான் அந்த வாழ்க்கையைப் பற்றி ஒரு நாவல் தொடங்கினேன். எண்பது பக்கம் எழுதினேன். குடியிருப்போர் சங்கத் தேர்தல், நீச்சல் குளத்துச் சண்டை, அமெரிக்காவிலிருந்து பிள்ளை வராத ஒரு தம்பதி எல்லாம் அதில் உண்டு. வேலைக்கு வரும் பெண்மணி ஒருத்தியும் உண்டு. அத்தியாயத்துக்கு ஒரு தடவை கதவைத் தட்டி உள்ளே வருவாள், பாத்திரம் துலக்குவாள், ஏதாவது அர்த்தபுஷ்டியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மாளுக்கு ஒரு நாள் சாயங்காலம் என் மனைவி பழைய மிக்ஸி ஒன்றைக் கொடுத்து அனுப்பினாள். அரைமணி கழித்து அவர் மறுபடி மேலே வந்தார். முகம் சிறுத்துப் போயிருந்தது.

"கேட்ல விட மாட்டேங்கறாங்க சார். சீட்டு வேணுமாம்."

வேலை செய்பவர்கள் எந்தச் சாமானை வெளியே எடுத்துச் சென்றாலும் வீட்டுக்காரர் கேட் பாஸ் எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது விதி. எனக்கு அது தெரியும். அந்த விதியை நிறைவேற்றிய கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். கை தூக்கவில்லை, எதிர்க்கவும் இல்லை. காகிதத்தை எடுத்து, 'எங்கள் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு மிக்ஸி ஒன்று நாங்களே கொடுத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவர் அதை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். எட்டாவது வரை படித்தவர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"என் பேரைப் போடலையே சார்?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சீட்டு செல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில் சொன்னார். பேனாவை எடுத்தேன். கூப்பிடும் பெயர் தெரியும். முழுப்பெயர் தெரியவில்லை, தகப்பன் பெயரோ புருஷன் பெயரோ தெரியவில்லை. கேட்டேன்; சொன்னார். ஊர் என்ன போடுவது என்று கேட்டபோது மட்டும் சற்றுத் தயங்கினார்.

"துரைப்பாக்கம்னு போடுங்க சார். கண்ணகி நகர்னு போட்டா ஒரு மாதிரி பாப்பாங்க. வேற வீட்ல வேலை குடுக்கவும் யோசிப்பாங்க."

இரண்டு வருஷமாக என் வீட்டுக்கு நாள்தோறும் வந்த ஒருவர். என் எண்பது பக்கங்களில் வருவதும் அவருடைய சாயல்தான். ரமோனாவை ரோமினாவாக்கிய அந்த அர்ஜென்டின அம்மாளைப் பார்த்து இனி நான் எந்த முகத்தோடு சிரிப்பது? அவளாவது ஒரு பெயரை மாற்றி வைத்தாள். நான் பெயரே வைக்கவில்லை.

அந்த நாவலை அன்றோடு நிறுத்திவிட்டேன். அதில் நடை சரியில்லை என்றோ சம்பவம் போதாது என்றோ நிறுத்தவில்லை. என் கதாபாத்திரம் கதவைச் சாத்திக்கொண்டு போனபிறகு, எந்த லிஃப்டில் இறங்குகிறாள், வாயிலில் பையைத் திறந்து காட்டும்போது என்ன நினைக்கிறாள், எந்தப் பஸ்ஸுக்கு நிற்கிறாள், எத்தனாவது மாடியில் எத்தனை பேரோடு படுக்கிறாள் என்று எனக்கு ஒன்றுமே தெரியாது. கீழே இறங்கி அவள் பின்னால் நூறடி நடக்காதவன் அவளைப் பற்றி எழுதிவிட்டேன். பாயிலைக் குறை சொன்னேனே, அவர் பள்ளத்தாக்குக்குள் இறங்கவாவது செய்தார்.

இப்போது அந்த வாசக நண்பருக்குப் பதில் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது. உங்கள் குடியிருப்பில் ஒன்றும் நடக்கவில்லை என்றீர்கள். நடக்கிறது. நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும் காலை ஆறு மணிக்கு வாயிலில் நடக்கிறது. முன்பு காவலாளியின் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். இன்று கைப்பேசிச் செயலியில் பதிகிறார்கள். யார் வந்தார், எத்தனை மணிக்கு, எந்த வீட்டுக்கு, எப்போது திரும்பினார் என்று ஒரு நாள் பாக்கி இல்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. அதில் இல்லாதது, வந்தவர் யார் என்பது ஒன்றுதான். அந்த ஒன்றை எழுதுவதற்குத்தான் நாவல் என்று ஒரு கலை இருக்கிறது.

இதை எழுத மதிலுக்குள் வசிக்கிறவனால் முடியும்; வெளியில் வசிக்கிறவனாலும் முடியும். ஒருவேளை, எட்டாவது வரை படித்த அந்த அம்மாளின் மகளால் இரண்டு பேரையும்விட நன்றாக முடியலாம். அவள் கல்லூரியில் படிப்பதாகச் சொன்னார். யார் எழுதினாலும் வாயிலைத் தாண்டிப் போய் வரவேண்டும். இரண்டு பக்கத்துக்கும் மனசு கொடுக்கவேண்டும். பாயிலும் பின்யேரோவும் அடிகாவும் ஆளுக்கு ஒரு பகுதி வழி நடந்திருக்கிறார்கள். மிச்ச வழி தமிழில் நடப்பதற்குக் காத்திருக்கிறது.

என் எண்பது பக்கங்கள் பீரோவில்தான் இருக்கின்றன. சென்ற வாரம் எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் அந்தப் பெண் கதவைத் தட்டும் வரியை அடித்துவிட்டு, அவள் வாயிலில் நிற்பதிலிருந்து தொடங்கியிருக்கிறேன். அவளுக்கு முழுப்பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டு அம்மாளின் பெயரை வைக்கவில்லை. அதற்கு அவரைக் கேட்க வேண்டும், இன்னும் கேட்கவில்லை.